ஆஸ்பத்திரிப் பிள்ளைக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தி

கல்யாணமாகி மூன்றாம் மாதம், எங்களிடம் இருந்த இரண்டு தலையணைகளில் ஒன்று கண்டி நகரத்துக் கடையொன்றின் கண்ணாடிக்குள் பனியாகப் பெய்தது. என் கணவர் அந்தப் புடவைக் கடையில் வேலை செய்தார். அரிசியும் சீனியும் கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கப்பலில் வருவதில்லை. கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்குக் கடையைச் சோடிக்கப் பஞ்சு கேட்டு மருந்துக் கடைக்குப் போனவரை, காயத்துக்கு வைத்துக் கட்டவே பஞ்சில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து கட்டிலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"இதுல இலவம் பஞ்சுதான இருக்கு?"

"அது எங்கம்மா குடுத்ததுங்க."

"நத்தார் முடிஞ்சதும் திரும்ப அடைச்சுத் தர்றேன்."

அந்த டிசம்பர் முழுவதும் ஒரே தலையணையில் இருவரும் தலைவைத்துத் தூங்கினோம். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

நான் கட்டுகஸ்தோட்டைக்காரி. பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரு அறையில் நான்கு பேர் படுத்து, ஒருவர் இருமினால் மற்ற மூவரும் விழித்துக்கொள்ளும் வீடு. அங்கிருந்து கண்டிக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால் அம்மாவோடு வந்து துணி எடுத்துக்கொண்டு பொழுது சாயும் முன் திரும்பிப் போகும் கண்டி வேறு. மாடியறையொன்றில் குடியிருந்து, பகல் முழுக்கத் தனியாக இருக்கும் கண்டி வேறு. அவர் காலை எட்டு மணிக்கு இறங்கிப் போனால், நத்தார் வியாபாரம் நடக்கும் அந்த மாதத்தில் இரவு எட்டுக்குத்தான் ஏறி வருவார். பேச ஆளில்லாமல் நான் அடுப்போடு பேசத் தொடங்கியிருந்தேன்.

நாலு மணியானால் தலை சீவி, பொட்டு வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பிள்ளையார் கோயிலுக்கு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கோயிலில் ஐந்து நிமிஷம் நிற்பேன். பிறகு கால்கள் தாமாகவே கடைவீதிக்குத் திரும்பிவிடும்.

அந்த வீதிகளை இப்போது நினைத்தால் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்திருக்கும். ஹந்தானை மலையிலிருந்து மூடுபனி இறங்கி, மணிக்கூட்டுக் கோபுரத்தின் தலையை முதலில் விழுங்கும். பிறகு மாடிகளின் ஓடுகளை. அதற்கும் கீழே, மனிதர்கள் நடக்கும் உயரத்தில் மட்டும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மின்குமிழ்கள் எரியும். நடைபாதையில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் துணி காயப்போடுவது போலக் கவ்வி மாட்டியிருப்பார்கள். சைப்பிரஸ் கிளைகளை லொறியில் கொண்டுவந்து குவித்து விற்பார்கள். அந்தப் பக்கம் போனாலே ஈரமான பச்சை வாசம் மூக்கில் ஏறும். பேக்கரிப் பின்வாசலில், வீட்டில் குழைத்த கேக் தட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அடுப்பு திறக்கும்போதெல்லாம் கராம்பும் ஏலமும் கலந்த சூடான காற்று வீதிக்கு வரும். நான் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக நடப்பேன்.

கடைக்குள்ளே விற்கப் பெரிதாக எதுவும் இல்லை. அதனாலேயே கண்ணாடிகளை அப்படிச் சோடித்தார்களோ என்னவோ. ஒரு சப்பாத்துக் கடையில் மொத்தம் நான்கு சோடிச் சப்பாத்துகள். அவற்றைச் சுற்றி வைக்கோல், மண் ஆட்டுக்குட்டிகள், ஜிகினாத்தாளில் வெட்டிய நட்சத்திரம். பாத்திரக் கடையில் அலுமினியக் குடங்களை அடுக்கி நத்தார் மரமே செய்திருந்தார்கள். எங்கள் தலையணைப் பனியில் மூன்று சேலைகள் மலைச்சரிவு போல விரிந்து கிடந்தன. அதற்கு முன்னால் நின்று பார்ப்பவர்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். உள்ளே போகமாட்டேன். வேலை நேரத்தில் போனால் அவருக்குக் கூச்சம்.

நத்தாருக்கு ஒரு கிழமைக்கு முன்பு, வாவியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்தது. குடை இல்லை. மேட்டுத் தெருவொன்றில் சிறிய தேவாலயம் தெரிந்தது; ஓடிப்போய் முகப்பில் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே பதினைந்து பேர் வரை நின்றார்கள். எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி, அட்டையில் செய்த சின்னக் கூடு ஒன்றுக்குள். படியோரம் தார்ப்பாய் கட்டிய லொறி நின்றது. அதன் பக்கங்களில் ஒட்டியிருந்த வர்ணத்தாள் மழையில் சாயம் போய் ஒழுகிக்கொண்டிருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னிடம் வேகமாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் ஒரு கட்டுத் தாள். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"நீர்தானே ஆஸ்பத்திரியில இருந்து வாற பிள்ளை? இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிக்கிறம். ஏன் அதில ஒதுங்கி நிக்கிறீர்? வாரும், வாரும்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு மெழுகுவர்த்தியும் ரோனியோவில் அச்சடித்த இரண்டு பாட்டுத் தாளும் என் கைக்கு வந்துவிட்டன. அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. யாரோ ஒருவர் எனக்காகக் காத்திருந்த மாதிரிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஆமென்றா இல்லையென்றா என்று எனக்கே தெரியாது. அவர் ஆமென்று எடுத்துக்கொண்டார்.

"குரல் எப்பிடி? தடிச்ச குரல் எண்டு சொன்னவை."

"சுமாரா இருக்கும் டீச்சர்," என்றேன். டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

மழை தூறலானதும், வீடு வீடாக நத்தார் பாட்டுப் பாட லொறி புறப்பட்டது. பலகை இருக்கையில் இரு பெண்களுக்கு நடுவே என்னை உட்காரவைத்தார்கள். ஒரு வாலிபர் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டார். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. தார்ப்பாயின் பின்வாசல் வழியே கண்டி எங்களை விட்டு நழுவிப் போவது போலிருந்தது. வாவியின் வளைவு வளைவான வெள்ளை மதில், மரங்களில் அடையும் நீர்க்காகங்கள், தண்ணீரில் நடுங்கும் விளக்குகள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு மேல் ஒரு குளிர்ந்த சந்தோஷம் இருந்தது. இந்த நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற சந்தோஷம்.

முதல் வீடு ஒரு டொக்டருடையது. தாளைப் பார்த்துப் பாடினேன். மெட்டுத் தெரியாததால் மற்றவர்களுக்கு ஒரு மூச்சுப் பின்னால் போனேன். இரண்டாம் பாட்டில் பக்கத்துப் பெண்ணின் தோளோடு தோள் சேர்ந்து நின்றதும் மெட்டு தானாகவே எனக்குள் வந்தது. பாட்டு முடிந்ததும் இஞ்சித் தேநீர் தந்தார்கள்.

அடுத்த வீட்டில் வயதான பறங்கியர் தம்பதி இருந்தார்கள். நாங்கள் தொடங்கியதும் அந்தப் பெரியவர் உள்ளே போய்விட்டார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, பியானோவைத் திறந்து, எங்கள் தமிழ்ப் பாட்டுக்குத் தாமும் வாசித்து ஆங்கிலத்தில் பாடினார். இரண்டு மொழியும் ஒரே மெட்டில் ஒன்றையொன்று இடிக்காமல் போயின. அவர் மனைவி கேக் தட்டை நீட்டியபடி, கஜுப் பருப்புக் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் கச்சான் கடலைதான் போட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அதைப்போல ஒரு கேக்கை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. இரண்டு துண்டு எடுத்தேன்.

லொறி மலையிறங்கி நகரத்துக்குள் திரும்பியபோதுதான் எனக்கு என் கணவரின் கடை நினைவுக்கு வந்தது.

"டீச்சர், இப்ப எங்க போறோம்?"

"கடைத்தெருவுக்கு. அங்க ஒரு புடவைக் கடை முதலாளி ஒவ்வொரு வருசமும் எங்களைக் கூப்பிடுவார். முஸ்லிம் ஆள். எங்கட பாட்டெண்டா அவருக்குச் சரியான விருப்பம்."

கண்டியில் எத்தனையோ புடவைக் கடைகள். ஆனால் லொறி நின்றது எங்கள் தலையணைக்கு முன்னால்தான்.

டீச்சரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து இறங்கினேன். கடைக்குள் கூட்டம் நிறைந்திருந்தது. முதலாளி கதிரையிலிருந்து எழுந்து வந்து, "வாங்கொ, வாங்கொ, மழையில நிக்கவாணாம், உள்ளுக்கு வாங்கொ" என்று கையை விரித்தார். அவர் அக்குறணைக்காரர். என் கணவர் அளவுகோலோடு ஒரு துணியை அளந்துகொண்டிருந்தார். ஆர்மோனியம் தொடங்கியது. தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். மெழுகுவர்த்தி தாளுக்குப் பின்னால் எரிந்ததால், தாளே வெளிச்சமாகி என் முகத்தைத்தான் காட்டியிருக்கவேண்டும்.

தாளை இறக்கியபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவுகோல் கையில் அப்படியே நின்றது. துணி வாங்க வந்த அம்மா, "அளங்க தம்பி" என்று சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. பாதிப் பாட்டில் நிறுத்த முடியுமா? பாடினேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசி அடி வரை பாடினேன்.

முடிந்ததும் நேரே வந்தார்.

"நீ எங்க இங்க? லொறியிலயா வந்த?"

"மழைக்கி ஒதுங்குனேங்க..."

முதலாளி சிரித்துவிட்டார். "தம்பி, ஒங்கட வீட்டுக்காரி பாட்டுக்காரின்டு எங்களுக்கு செல்லவே இல்லியே!"

"எனக்கே தெரியாதுங்க முதலாளி," என்றார் அவர்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீர் ஆஸ்பத்திரிப் பிள்ளை இல்லையோ?"

"இல்லீங்க டீச்சர். நாங்க சைவம். கட்டுகஸ்தோட்ட. நீங்க கூப்பிட்டீங்க, வந்துட்டேன். மன்னிச்சுக்கங்க." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. பொட்டு வைத்த நெற்றியோடு ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லையா, கவனித்தும் சும்மா இருந்தாரா என்று பிற்காலத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் சிரித்தார்.

அன்றைக்கும் சிரித்தார். "அதுக்கேன் அழுறீர்? இன்னும் ரெண்டு வீடு கிடக்கு. குரலை இப்ப கொண்டுபோனீர் எண்டா நான் ஆரிட்டப் போறது? ஏறும்."

"ஏறு," என்றார் என் கணவரும். பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களும் போங்கொ. கடைய நாங்க பாத்துக்கொள்றோம். லாம்ப தூக்க ஆள் வேணும்தானே," என்றார் முதலாளி.

அப்படித்தான் அவரும் லொறியில் ஏறினார். மிச்சமிருந்த இரண்டு வீடும் மலைமேல் இருந்தன. கடைசி வீட்டு முற்றத்தில் அவர் பெட்ரோமக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் பாடினோம். விளக்கைச் சுற்றிப் பனி ஒரு வெள்ளைக் கூடாரம் போலத் திரண்டு நின்றது. நடுவில் அது விலகியபோது, கீழே முழுக் கண்டியும் தெரிந்தது. வாவி கறுப்பாக, அதன் கரையெல்லாம் வெளிச்சப் புள்ளிகள். பாடுவது என் குரலா பக்கத்தில் நிற்பவளின் குரலா என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருந்தேன். அது எத்தனை நிமிஷமோ தெரியாது. இன்றைக்கும் மூடுபனியைப் பார்த்தால் என் தொண்டை தயாராகிவிடுகிறது.

நடந்து வீடு திரும்பும்போது அவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார். கோபமோ என்று நினைத்தேன்.

"நீ தினமும் இப்படி வெளிய வருவியா?" என்று கேட்டார்.

"வருவேங்க. ஒங்க கடைக்கு முன்னாலயும் நிப்பேன்."

"ஏன் உள்ள வரல்ல?"

"நீங்க கூச்சப்படுவீங்கன்னு."

"லூசு," என்று சொல்லி என் கையைப் பிடித்தார். வீதியில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல்முறை. மறுநாள் முதல் நாலரைக்குத் தேநீர் குடிக்கக் கடைக்குப் போனேன். பின்பக்கத்துத் துணிக்கட்டுகளின் மேல் உட்கார்ந்து இருவரும் குடிப்போம்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அங்கே உண்மையான ஆஸ்பத்திரிப் பிள்ளையும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாம்; அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். உயரமானவள், சிரித்த முகம். நாங்கள் இருவரும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு பாடினோம். அவள் குரலுக்குப் பக்கத்தில் என்னுடையது எதுவுமே இல்லை. இருந்தும் டீச்சர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பவில்லை.

நத்தார் அன்று காலை நானும் அவரும் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனோம். கூப்பன் சீனி முழுவதும் அதில் போய்விட்டது. மாத முடிவு வரை வெல்லக் கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்தோம். டீச்சர் வீட்டிலேயே சாப்பிட வைத்துவிட்டார். பின்னேரம் வாவியைச் சுற்றி நடந்தோம். ஊரே புதுத்துணியில் வெளியே வந்திருந்தது. பலூன்காரர்கள், ஐஸ்கிறீம் வண்டி, எங்கோ வெடிக்கும் சீனவெடி. வெயில் மெலிதாக, பால் கலந்த மாதிரி விழுந்தது. சாப்பிட்ட மயக்கத்தில் எனக்குக் கண் சொருகியது.

எதிரே ஒரு குடும்பம் வந்தது. தகப்பன், தாய், தோளில் தூங்கும் குழந்தை. எங்கோ தேயிலைத் தோட்டத்திலிருந்து நத்தார் பார்க்க வந்தவர்கள் போலிருந்தது.

"அக்கா, ரயில் டேசனுக்கு எப்படிப் போறது?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லத் தொடங்கியிருந்தேன். இந்த வழியே நேரே போங்க, மணிக்கூண்டு வரும், அங்க கூட்டமா இருக்கும், புள்ளய நல்லாப் புடிச்சுக்கங்க, மார்க்கெட்டத் தாண்டினீங்கன்னா ரோட்டு நேரா டேசனுக்குப் போகும், மழை வந்தா கடை ஓரத்துல ஒதுங்கிக்கலாம். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவர்கள் நான் காட்டிய திசையில் நடந்தார்கள். கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.