காகம் கொத்திய குடைக்காரன்

1961ஆம் ஆண்டு இலங்கையின் மாத்தளை மாரியம்மன் கோயில் வீதியில் குடை திருத்திக்கொண்டிருந்த அழகமுத்துவைக் காகங்கள் துரத்தின. வேலை முடிந்து வீடு திரும்பும்போது வாசல் ஈரப்பலா மரத்திலிருந்து கூட்டமாக இறங்கும். தலையில் கொத்திவிட்டுத்தான் ஓயும். வளைந்த கம்பியை ஒடிக்காமல் நிமிர்த்த அவனைப் போல் அந்த ஊரில் ஆளில்லை. ஆனால் ஊர் பேசியது கம்பியைப் பற்றியல்ல. சனியின் வாகனமே அவனை விரட்டுகிறது என்றார்கள்.

அக்கா ராசம்மா சனிக்கிழமை தோறும் காகத்துக்கு எள்ளுச்சோறு வைத்தாள். தின்ன வந்தவை மரத்திலேயே தங்கிவிட, கொத்தும் கூடியது. தாய் தகப்பன் இல்லாத தம்பிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இந்தப் பேச்சால் கலைந்தன. இப்போது யட்டவத்தைப் பக்கத் தோட்டத்துக் கங்காணி செல்லச்சாமி, மகள் சந்திரகாந்தாவுக்காக ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இதுவும் போனால் தம்பிக்குக் கலியாணமே இல்லை என்று ராசம்மா பயந்தாள்.

அந்த வாரம் குடை கொண்டுவந்த விஞ்ஞான ஆசிரியர் ஸெய்னுலாப்தீன், அவன் தலைக் காயத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். பிறகு தான் படித்ததைச் சொன்னார். ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சியாளர் காக இனப் பறவைகளைத் தன் கையால் தீனி கொடுத்து வளர்த்தாராம். ஒருநாள் ஈரமான கறுப்புக் கால்சட்டையை அவர் கையில் எடுத்ததும், தோளில் உட்காரும் அதே பறவைகள் அவரைக் கொத்தினவாம். மனிதன் கையில் கறுப்பாக எது தொங்கினாலும், தங்களில் ஒன்று அகப்பட்டுவிட்டது என்றே அவை எடுத்துக்கொள்ளுமாம்.

"நீங்க தினமும் எதத் தொங்கவிட்டுக்கிட்டுப் போறீங்க, தம்பி?" என்றார்.

கழற்றிய பழைய கறுப்புக் குடைத்துணியைத்தான். ஒட்டுப்போட உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுபோவான். அன்று அதை மாவுப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போனான், கொத்து விழவில்லை. ராசம்மா அதை அப்படியே நம்பிவிடவில்லை. விடிந்ததும் அவளே ஒரு துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு மரத்தடியில் நடந்தாள். கொண்டையில் கொத்து விழுந்த பிறகுதான் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லச்சாமி தன் மச்சானுடன் தூறலில் வந்து இறங்கினார். கைவேலையைப் பார்த்துவிட்டே பேசலாம் என்று, கம்பி முறிந்த தன் குடையை நீட்டினார். அழகமுத்து பழக்கதோஷத்தில் துணியைப் பிரித்து, கிழிசல் பார்க்க வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனான். ராசம்மா கூப்பிடுவதற்குள் காகங்கள் இறங்கிவிட்டன.

வெற்றிலைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் செல்லச்சாமி. "கேள்விப்பட்டது சரிதான். சனி புடிச்ச எடத்துல பொண்ணு குடுக்க முடியாதும்மா."

ராசம்மா தம்பியின் கையிலிருந்த துணியை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"சரிங்க அய்யா. போறதுக்கு முந்தி, இதப் பிடிச்சுக்கிட்டு அந்த மரத்தடியில கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்குத்தான் சனி இல்லியே."

மச்சான் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. போய் நின்றார். முதல் காகம் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. அடுத்தது வழுக்கையில் கொத்தியது.

"சனி கட்சி மாறிருச்சு போல, மச்சான்," என்றார் மச்சான்.

செல்லச்சாமி துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ராசம்மா ஆராய்ச்சியாளரின் கால்சட்டைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வெற்றிலைத் தட்டைத் தானே முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பந்தல அந்த மரத்தடியில மட்டும் போட்டுறாதீங்க," என்றார்.

திருத்திய குடையை மாவுப் பையில் சுற்றிக் கொடுத்தான் அழகமுத்து. தூறல் விடவில்லை. ஆனாலும் அவர் அதைப் பிரிக்காமல், நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.