மூன்றாவது வளைவில் கடைசி ஓவர்

கிரிக்கெட் வர்ணனையை ஏ.எம்.மிலிருந்து எஃப்.எம்.முக்கு மாற்றிவிட்டார்கள். ஏ.எம். எங்கள் ஜவ்வாது மலையில் எந்தப் பள்ளத்திலும் கேட்கும். எஃப்.எம்.முக்கு நடுவில் ஒரு குன்று வந்தாலே மூச்சு நின்றுவிடுகிறது.

இன்று புதூர்நாட்டுக்கு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தோம். கடைசி ஓவர், ஒன்பது ரன் வேண்டும். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் ரேடியோவில் வெறும் இரைச்சல்.

டிரைவர் கோவிந்தன் அண்ணன் ஜீப்பைப் பின்னால் எடுத்தார்.

"இன்னாண்ணே, கீழ போறீங்க?" என்றேன்.

"கேக்குற எடத்துக்குப் போறேன்."

புளி விற்றுவிட்டுக் காலிச் சாக்குகளோடு உட்கார்ந்திருந்த குப்பம்மா அக்கா திட்டுவார் என்று நினைத்தேன்.

"மேட்ச் முடியாம வண்டிய எடுத்தீன்னா நான் எறங்கிக்குவேன்" என்றார்.

கடைசிப் பந்தில் ஜெயித்தோம்.

அங்கேயே ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து வானொலி நிலையத்துக்கு மனு எழுதினேன்: 'மலைக்கு எஃப்.எம். எட்டும்வரை ஏ.எம்.மைத் திருப்பிக் கொடுங்கள்.'

"மொதக் கையெழுத்து என்னுது" என்று அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

நாளை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் போவேன்.

அதுவரை மேட்ச் நாளில் புதூர்நாடு ஜீப்பைக் காணோம் என்று யாரும் பதற வேண்டாம். மூன்றாவது வளைவில்தான் இருப்போம்.

உங்களுக்கு எந்த வளைவில் கேட்கிறது?