திரும்பி வராத டப்பாக்கள்

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து சோறே இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்னாசிப் பழத்தைப் பொடியாக நறுக்கி, வெல்லமும் கீறின பச்சை மிளகாயும் போட்டு, கூழாகிற வரை வேகவைத்துப் பச்சடி செய்தேன். எனக்கு யாரிடமும் பேசக் கூச்சம். டப்பாவைப் பையில் போட்டு அவர் கதவில் மாட்டி, பெல் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி மூன்று தடவை கொடுத்தும் ஒரு டப்பாவும் திரும்பி வரவில்லை.

"அவங்களுக்குப் புடிக்கல போல. நீங்க இன்னாத்துக்கு அத்தே மெனக்கெடுறீங்க?" என்றாள் மருமகள்.

எனக்கும் மனசு சுருங்கிவிட்டது. வீட்டில் வேறு டப்பாவும் இல்லை. கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் போனேன். கதவைத் திறந்த டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே மேசையில் என் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"கஞ்சிக்கு இதத்தான்க்கா தொட்டுக்கினு இருக்கேன். வேற எதுவும் உள்ள போகல. வெறும் டப்பாவ எப்படிக் குடுக்கறது? எதனா செஞ்சு போட்டுத் தரலாம்னா, அடுப்பாண்ட நிக்க முடியல."

எங்கள் குடியிருப்பில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். நானும் தந்ததில்லை. டப்பா வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வெறும் டப்பாவாவே குடுங்க டீச்சர். அடுத்தத எதுல ஊத்துவேன்?" என்றேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். டப்பாக்களை வாங்கிக்கொண்டேன். உடனே கிளம்பினால் அவர் மறுபடி சங்கடப்படுவாரோ என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறத்தியார் வீட்டில் நான் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.