பனியில் மாட்டிய மாப்பிள்ளை

வடதுருவக் கடலில் பனி எங்கே வெடித்திருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது என் தொழில். அதைச் செய்வது புதுச்சேரியில், மின்விசிறிக்குக் கீழே, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. செயற்கைக்கோள் படம் ஒரு பக்கம், காற்றுக் கணிப்பு ஒரு பக்கம், நடுவில் நான். மழை வராது என்று சொல்லி, மொட்டை மாடித் துணி நனைந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பஸ்ஸே தேவலை

எங்கள் தெரு ஜெயமேரி அக்காவின் பெண்ணுக்கு நிச்சயமான மாப்பிள்ளை சேவியர், பிள்ளைச்சாவடிக்காரர். துருவக் கரையோர ஊர்களுக்கு டீசலும் மாவும் கொண்டுபோகும் கப்பலில் அதிகாரி. அந்தக் கப்பலுக்கு வழி சொல்வது எங்கள் ஆபீஸ்தான். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பார்கள். முதல் ஞாயிறு வாசித்த கையோடு அக்கா வந்து, பனி எப்போது உருகும் என்று கேட்டார்.

உருகாது, அங்கே இப்போதுதான் குளிரே ஆரம்பம் என்றேன். எவ்வளவு குளிரானாலும் காற்று ஒரு பக்கம் தள்ளினால் பனி வெடிக்கும், வெடிப்பு அகன்று தண்ணீர் வழி திறக்கும், கப்பல் அதில் போகும், காற்று திரும்பினால் வழி மூடிக்கொள்ளும். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப என் மருமவன் காத்த நம்பித்தான் வரணுமா? அதுக்கு நம்ம டவுன் பஸ்ஸே தேவல."

மத்தியானத் தூக்கம்

எங்கள் முதலாளி பிரான்சில் பல வருடம் இருந்து திரும்பியவர். எல்லோரும் பிரெஞ்சில் ஐயா என்பதுபோல முஸ்யே என்றே கூப்பிடுவோம். ஊரில் பழைய கடைகளைப் போல மத்தியானம் ஷட்டரை இறக்கிவிடுவார். சாப்பாடு, தூக்கம், பிறகுதான் துருவம்.

அந்த வாரம் ஒரு நாள் சேவியரின் கப்பலுக்கு மேற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு. தெற்கிலிருந்து அடித்த காற்று பனியைக் கரையை விட்டுத் தள்ளியது. காலைப் படத்தில் கரையோரம் கறுப்புக் கோடாக வழி தெரிந்தது. போகலாம் என்று எழுதி அனுப்பி, ஷட்டரையும் இறக்கினோம். நாங்கள் கண்ணயர்ந்த நேரத்தில் தாழ்வு கிழக்கே தாண்டிவிட்டது. காற்று வடக்குக் காற்றாகத் திரும்பி, தள்ளிய பனியையெல்லாம் கரையோடு சேர்த்து அழுத்தியது. திரும்பி வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். கப்பல் பனிக்கு நடுவில் நின்றது. முஸ்யே நாற்காலியில் உட்காரவே இல்லை.

"காத்து மத்தியானம் தூங்காது ரீத்தா. இனிமே நாமளும் தூங்க வாணாம்."

இரண்டாம் ஓலை

அடுத்த ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தாண்டித்தான். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் தயார், மாப்பிள்ளை மட்டும் பனிக்குள். ஜெயமேரி அக்கா தினமும் ஆபீசுக்கு வந்து, மானிட்டரில் புள்ளியாகத் தெரிந்த கப்பலைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் அவர் போனதும் சேவியரே போனில் வந்தார்.

"பனி கப்பல நெரிக்கிற சத்தம் காதுலயே இருக்குதுக்கா. எனக்கு பயமா இருக்குது, கட்டிக்கப் போறவகிட்ட சொல்லிடாதீங்க."

மறுபடியும் தெற்குக் காற்று

மேற்கே அடுத்த தாழ்வு வந்தது. கறுப்புக் கோடு விழுந்ததுமே கப்பலைக் கிளம்பச் சொல்லலாம் என்று முஸ்யே துள்ளினார். நான் விடவில்லை. இந்தத் தாழ்வும் ஓடிவிட்டால்? அடுத்த படம் வரும்வரை காத்திருந்தேன். தாழ்வு நகராமல் நின்றது, கோடு அகன்றிருந்தது. மத்தியானச் சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு, கப்பலுக்குப் போன் போட்டேன். சேவியர்தான் எடுத்தார்.

"பொறப்படுறோம்க்கா. நாங்க வெளிய வர்ற வரைக்கும் ஷட்டர எறக்கிடாதீங்க."

பந்தல்

வழி மூடுவதற்குள் கப்பல் வெளியே வந்தது. திருவருகைக் காலத்துக்கு முன்பே சேவியர் வந்து சேர்ந்தார், முகம் முழுக்கத் தாடியோடு. கல்யாணத்தன்று நம் வங்கக் கடலில் ஒரு தாழ்வு. கோயிலை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டுப்புடவை நனைய ஜெயமேரி அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"அங்க அம்மாம் பெரிய பனிய நவுத்தத் தெரிஞ்சுதுல்ல, பொண்ணு மாப்ள சாப்புடுற வரைக்கும் இந்த மழைய நவுத்த மாட்டியா?"

வழி திறந்தால் காற்றுக்குப் பெருமை, மூடினால் ரீத்தாவுக்குத் திட்டு, இதுதான் என் உத்தியோகம்.