எண்ணெய் மீனும் என் மனைவி கொட்டிய எண்ணெயும்

கிள்ளானில் எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் சைவம். மாதம் முடிந்த மறுநாள் காலை பாசாரில் மீன் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், ஒரு மாதம் விரதம் இருந்தவர்கள் என்று தோன்றாது. ஒரு வருடம் பட்டினி கிடந்தவர்கள் என்றே தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் முண்டியடித்து நானும் ஒரு மீன் வாங்கினேன். அதைத் தின்றவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள். சமைத்தவள் விஷயம் வேறு.

ஐஸ் மேல் ஓரமாகக் கிடந்தது அது. கரும்பழுப்பு உடம்பு, தேங்காய்த் துருவி போலச் சொரசொரத்த தோல், ஆளை முறைக்கும் பெரிய கண்.

"என்ன மீன்பா இது?"

"பேரு தெரியாது சார். டீப் சீ மீனு. டூனா புடிக்கிற கப்பல்ல வந்துச்சி. அடிக்கடி வராது லா. வாயில வச்சா வெண்ணெ மாதிரி கரையும்."

பெயர் எனக்குத் தெரியும். இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அது எண்ணெய் மீன். நம் மலாக்கா நீரிணை அதற்குக் குளியல் தொட்டி மாதிரி, ஆழம் போதாது. பெருங்கடலில் வெளிச்சம் எட்டாத பல நூறு மீட்டர் ஆழத்தில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் கணவாய் தேடி மேலே வரும். அப்படி ஏறி இறங்கும் உடம்பு மிதக்க வேண்டுமே! அதற்காகத் தசை முழுக்க மெழுகு போன்ற ஓர் எண்ணெயைச் சேர்த்து வைத்திருக்கிறது. மீனுக்கு அது மிதவை. மனிதக் குடலுக்கோ அதைச் செரிக்கத் தெரியாது. உள்ளே போனது, நம் அனுமதியைக் கேட்காமல், ஆரஞ்சு நிறத்தில் அப்படியே வெளியே வந்துவிடும். வலி இருக்காது. முன்னறிவிப்பும் இருக்காது.

இத்தனையும் தெரிந்தேதான் வாங்கினேன். சின்னத் துண்டு ஒன்று தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். ஆளுக்கு ஒரு துண்டு என்று நினைத்துக்கொண்டேன். புரட்டாசி முடிந்த மறுநாள் எந்தத் தமிழன் ஒரு துண்டோடு எழுந்திருக்கிறான்?

அன்று மதியம் எங்கள் மகளின் மாமனாரும் மாமியாரும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து விருந்துக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சம்பந்தி அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். வெளிர் நிறக் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் அணிபவர். என் மனைவி வைத்த குழம்பை அவர் ருசித்துச் சாப்பிட, நான் அந்த மீனின் கண்ணைப் பற்றியும் கடலின் ஆழத்தைப் பற்றியும் வகுப்பெடுத்தேன். எண்ணெயைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. சொன்னால் என் மீனை யார் தொடுவார்கள்? பேச்சு மும்முரத்தில் அவர் தட்டில் நானே நான்காவது துண்டையும் வைத்தேன்.

திரும்பிப் போகும் வழியில் நெடுஞ்சாலையில் நெரிசல். கார் நகரவில்லை. மற்றது நகர்ந்தது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா கார் சீட்ட கழுவிக்கிட்டு இருக்காரு. என்னப்பா போட்டீங்க குழம்புல?"

அதற்குள் நான் இரண்டு கைலி மாற்றியிருந்தேன்.

அடுத்து சம்பந்தியம்மா என் மனைவியோடு பேசினார். "குறை நினைக்காதேங்கோ. உங்கட கறி நல்ல ருசிதான். எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சு விட்டிருக்கலாம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று புதுப் போத்தலைச் சாக்கடையில் கொட்டினாள். குழம்புச் சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பல நாள் இதையே கேட்டாள்: "ஏங்க, நான் அவ்வளவா ஊத்திட்டேன்?"

"தெரியலையே" என்றேன் நான். படித்த மனிதன் சொன்ன பதில் அது.

தீபாவளி நெருங்கியது. மதிய விருந்து ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டில்தான். அந்த முறை மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, இந்த வாட்டி அத்தையே சமைக்கிறாங்களாம். நீங்க ரெஸ்ட் எடுங்க லா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, மடித்து வைத்த சேலையை எடுத்து என் மனைவி மறுபடியும் மடித்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சம்பந்தி ஒன்றை மட்டும் கேட்டார். "தெரிஞ்சுகொண்டோ நாலாவது துண்டு வச்சனீங்கள்?"

"ஆமாங்க சம்பந்தி."

"கார் சீட்டை நான் மூண்டு நாள் கழுவினனான் ஐசே!" என்று கத்தியவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சம்பந்தியம்மா போனைப் பிடுங்கி என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். விருந்து கிள்ளானிலேயே என்று முடிவானது.

போனை வைத்ததும் இவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் எண்ணெய கொட்டுனப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுப்படியிலதான்."

"என்ன பண்ணிக்கிட்டு?"

"காப்பி குடிச்சிக்கிட்டு."

"ம்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து மீன் வாங்க அவளே போகிறாள். நான் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியை இறக்கிக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு.