நேராக மட்டுமே போன ஜீப்

அஞ்செட்டிச் சேற்றில் எங்கள் ஜீப்பின் இடது பின்சக்கரம் வெறிபிடித்துச் சுழன்று, அக்காள் கணவரின் வெள்ளைச் சட்டையைச் செம்மண் நிறமாக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வலது சக்கரம் காய்ந்த மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டையும் பூட்டிவிட்டால் என்ன?

“மாமா, ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தற மாதிரி பண்ணிட்டா மாட்டவே மாட்டாது.”

“மொதல்ல எறங்கி வந்து தள்ளு மாப்ளே.”

புளி ஏற்றிவர அவர் பட்டாள ஏலத்தில் எடுத்த ஜீப் அது. அது எங்களை ஏற்றி வந்ததைவிட நாங்கள் அதைத் தள்ளி வந்ததுதான் அதிகம். வீடு வந்ததும் தீர்ப்புச் சொன்னார்: இன்னொரு தடவை மாட்டினால் ஜீப்பை விற்று எருமை வாங்கிவிடுவார். எருமை சேற்றில் மாட்டினாலும் சந்தோஷமாக இருக்குமாம். நானோ காலேஜ் முடித்து வேலையில்லாமல், டிரைவர் என்ற பெயரில்தான் அக்காள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். எருமைக்கு டிரைவர் தேவையில்லை.

பெங்களூர் பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டு மோட்டார் பத்திரிகையில் ‘லாக்கர்’ என்ற சாதனத்தின் படம் இருந்தது. வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதற்காகப் பின் அச்சின் நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. சேற்றில் அதுவே வினை. வழுக்குகிற சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். லாக்கர் அந்தப் பெட்டியை வேண்டும்போது பூட்டும், வேண்டாதபோது திறக்கும். “இதை வரவழைக்கிற காசுக்கு எருமைக் கூட்டமே வாங்கலாம்” என்றார் மாமா. பட்டாளச் சாமான் விற்பவரிடம் ஒன்று மலிவாக இருந்தது. எந்த வண்டியுடையது என்று கேட்டேன். “எல்லா வண்டிக்கும் சேரும்” என்றார். அது எங்கள் ஜீப்பைவிட அகலமாக இருந்தது.

கடைசியில் ஓசூர் வெல்டரிடம் போனேன். பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைக்கச் சொன்னேன்.

“வெச்சுட்டா பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது சாமி, பரவாயில்லியா?”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பூட்டுவதைப் பற்றி இரவு பகலாக யோசித்த நான், திறப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அஞ்செட்டிச் சேற்றை ஜீப் ஆடு மாதிரி ஏறிக் கடந்தது. மாமா சிலுவை போட்டுக்கொண்டு, “படிச்சது வீண்போகல மாப்ளே” என்றார். மண் பாதை வளைவுகளில் சக்கரம் சறுக்கியே திரும்பியதால், புளி மூட்டைகளோடு ராயக்கோட்டை வரை வந்துவிட்டோம். அங்கே தார் ரோட்டில், சந்தை முனையில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். முன்சக்கரங்கள் திரும்பின, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் நேராகத் தள்ளின. டயர்கள் கதற, ஜீப் தக்காளிக் கூடைகளை நோக்கிப் போய், ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

“ஏம்பா, ரோடு இந்தப் பக்கம்” என்றார் டீக்கடைக்காரர்.

“எனக்குத் தெரியுதுங்க. வண்டிக்குத்தான் தெரியல.”

டீக்கடையே எழுந்து வந்து பின்பக்கத்தைப் பிடித்தது. “எத்து, எத்து” என்றார் ஒருவர். கன்னடமோ தெலுங்கோ, இரண்டிலும் தூக்கு என்றுதான் அர்த்தம்.

“மூட்டைய எறக்கிடலாமா?” என்று கேட்டேன்.

“முன்னாடி உக்காந்திருக்காரே, அவர எறக்கு. ரெண்டு மூட்டை கொறையும்.”

மாமா இறங்கவில்லை. அவரையும் சேர்த்தே தூக்கித் திருப்பி வைத்தார்கள். அடுத்த முனைக்கும் அவர்களே கூட வந்தார்கள். இரண்டாம் முறை நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

அங்கேதான் ஒரு டிராக்டர் எதிரே வந்தது. ஓட்டியவர் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்தார். அது நின்ற இடத்திலேயே வட்டமடித்துத் திரும்பியது. டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பக்கத்துக்கு ஒரு பிரேக். வழுக்குகிற சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால், சுழற்சி தானாக மறுபக்கம் போகாதா? லாக்கரே வேண்டாம்.

“எருமை பாக்கப் போலாமா?” என்றார் மாமா.

“நாம சேத்துல மாட்டலியே மாமா. தார் ரோட்டுலதான மாட்டுனோம்.”

அவர் திரும்பித் தார் ரோட்டைப் பார்த்தார். “அடுத்த லோடு வரைக்கும் பாக்கலாம்” என்றார்.

மறுநாளே பற்றவைத்த பல்சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பற்றவைக்காத பழைய பல்சக்கர செட் ஒன்றைத் தேடவேண்டும். பிறகு பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கை பிரேக் லிவர், ஒரு கம்பி. வலதுபக்கத்து லிவர் எனக்கு. இடதுபக்கத்து லிவர் என் கைக்கு எட்டாது. நான் கத்தும்போது மாமாதான் இழுக்கவேண்டும். முதலில் அக்காளிடம் சொல்லி, அவள் மூலமாக மாமா காதில் போட்டுப் பார்ப்பதாக இருந்தேன்.