அப்பாவின் இடது கீழ் மூலை

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் தெருவுக்கு நான் கண் டாக்டர். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறவள் இல்லை, கண் அனுப்புவதை வைத்துக்கொண்டு மூளை என்ன செய்கிறது என்று பார்க்கிறவள் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். "சரிம்மா, அப்படியே இந்தக் கண்ணு இன்னாத்துக்கு செவந்துகீதுன்னு பாரு" என்றார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

என் ஆராய்ச்சி பார்வையின் ஓரத்தைப் பற்றியது. ஒன்றை நேராகப் பார்க்கும்போது அதைச் சுற்றி இருப்பதில் எவ்வளவு நமக்கு எட்டுகிறது என்பதுதான் கேள்வி. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினெட்டு வருடங்களாக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வருவேன், திங்கள் காலை திரும்புவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், வயதானவர்களின் ஓரப் பார்வையைச் சோதிக்க ஒரு புதிய கணினி நிரல் எழுதினேன். பெரிய அளவில் தொடங்குமுன் யாரையாவது வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். வீட்டிலேயே எழுபத்தாறு வயதில் அப்பா இருந்தார்.

அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை மேலிருந்து ஓட்டுகிற வேலை. கீழே எத்தனை பேர் ஏறினார்கள், கதவைச் சாத்தினார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மணி அடிக்கும், எத்தனை அடி என்று எண்ணி லீவரை இழுப்பார். அந்த வேலை போய் இத்தனை வருடம் கழித்தும், வாசலில் அழைப்பு மணி அடித்தால் மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, தலை ஆடாமல் இருக்க அரிசி டப்பாவின் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் அவர் தாடையை வைக்கச் சொன்னேன்.

"நடுவுல இருக்கிற பிளஸ் குறியையே பாருங்கப்பா. ரெண்டு பீப் சத்தம் வரும். அதுல ஒண்ணோட சேர்ந்து எங்கயாவது ஒரு வட்டம் வந்து போகும். முதல் பீப்புல வந்துதுன்னா ஒண்ணை அழுத்துங்க, அடுத்ததுல வந்துதுன்னா ரெண்டு."

"ரெண்டுலயும் வரலன்னா?"

"கண்டிப்பா ஒண்ணுல வரும்."

"எனக்குத் தெரியலன்னா?"

"தோணினதை அழுத்துங்க."

அப்பா தாடையை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டார். "தோணினதையா? மணி சரியா கேக்கலன்னா லீவர்ல கைய வெக்க மாட்டேன் நானு. திருப்பி அடிக்கச் சொல்லுவேன். தோணினத இழுத்திருந்தா எத்தினி பேரு செத்திருப்பான்?"

"இதுல யாரும் சாக மாட்டாங்கப்பா."

"அது உனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாத போதும் ஊகித்துச் சொல்ல வைப்பது எங்கள் துறையின் அடிப்படை முறை. மனிதர்கள் தெரியவில்லை என்று சொல்லும் இடங்களிலும் கொஞ்சம் தெரிந்திருக்கும். அதை வெளியே எடுக்க வேறு வழியில்லை. இதை அப்பாவிடம் அரைமணி நேரம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த ரூல யாரு போட்டது?" என்றார். கடைசியில் அவருக்காக மூன்றாவதாக ஒரு பொத்தானை ஒதுக்கினேன். தெரியவில்லை என்றால் அதை அழுத்தலாம். அதன் பிறகு ஒழுங்காக உட்கார்ந்தார்.

முடிவைப் பார்த்தபோது என் நிரலின் மேல் எனக்குக் கோபம் வந்தது. திரையின் எல்லாப் பகுதியிலும் அப்பா ஏறக்குறைய பிசகாமல் சொல்லியிருந்தார். இடது கீழ் மூலையில் மட்டும் தொடர்ந்து மூன்றாவது பொத்தான். அந்த மூலையில் வட்டம் வரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் முழுக்கப் பெங்களூரில் பிழை தேடினேன். நிரலை வரி வரியாகப் படித்தேன். அங்கிருந்த பெரிய திரையில் நானே உட்கார்ந்து பார்த்தேன், பக்கத்து அறை ஆட்களை உட்கார வைத்தேன். எல்லோருக்கும் வட்டம் தெரிந்தது. அப்படியானால் என் லேப்டாப் திரையில்தான் கோளாறு என்று முடிவு செய்து, சனிக்கிழமை வேறு லேப்டாப்போடு வந்தேன். அப்பாவுக்கு அதே மூலை, அதே மூன்றாவது பொத்தான்.

"இன்னாம்மா, உன் மெஷினு இன்னும் ரிப்பேரா?" என்றார்.

அம்மாவை உட்கார வைத்தேன். மடியில் அவரைக்காய் முறத்தோடு வந்து அமர்ந்தாள். அரிசி டப்பா வேண்டாம் என்றாள். ஒரு கையால் நார் உரித்துக்கொண்டே மறு கையால் பொத்தானை அழுத்தினாள். எல்லா மூலையிலும் சரியாகச் சொன்னாள்.

"உனக்கு வருது. அப்பாவுக்கு மட்டும் இந்த மூலையில எப்படி வராம போகும்?" என்று திரையைத் தட்டிக் காட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாதேம்மா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கீழாக்க. மூணு வருசமா தெரியாது."

அப்பா கொல்லைப்பக்கம் போயிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கூடப் பேசவில்லை; கடையில் பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். அவருக்குத் தண்ணீரை எப்போதும் வலப்பக்கம்தான் வைப்பாளாம். மார்க்கெட்டுக்குப் போனால் அவருடைய இடப்பக்கமாகவே நடப்பாளாம். அவருடைய மொபெட் மூன்று வருடமாகக் கொட்டகையில் நிற்பதற்கு உதிரி பாகம் கிடைக்காததுதான் காரணம் என்று நானும் அப்பாவும் நம்பிக்கொண்டிருந்தோம். மெக்கானிக்கிடம் அப்படிச் சொல்லச் சொன்னதே அம்மாதான்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ அதானே படிச்சுகீற?"

 ஓரப் பார்வை போனவர்களுக்கு அது போனதே தெரியாமல் இருக்கலாம் என்று பல ஊர்களில் மேடையேறிப் பேசியிருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் நான் அப்பாவுக்கு இடப்பக்கம் காபி வைத்து, அவர் அதைத் தட்டிவிட்டு, "படிச்ச பொண்ணு, ஒரு டம்ளர ஒழுங்கா வெக்கத் தெரியல" என்று திட்டியதெல்லாம் பத்துத் தடவைக்குக் குறையாது. அவருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல் என்று அம்மாவிடம் நான் புகார் செய்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து, கண் முகாமில் கொடுத்த சீட்டை எடுத்து வந்து நீட்டினார். கண்ணாடி போட்டால் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. அது உண்மைதான். எழுத்துப் பலகையை நேராகப் பார்த்துத்தானே படிக்கிறோம். கோளாறு கண்ணில் இல்லை, அதற்குப் பின்னால் எங்கோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவோடு பெங்களூருக்கு அழைத்துப் போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன்.

ஸ்கேனில் தெரிந்தது. மூளையின் பின்புறம், இடப்பக்கக் காட்சியைக் கவனிக்கிற வலது பக்கத்தில் ஒரு சிறிய பழைய தழும்பு. ரத்தம் போகாமல் அந்த இடம் செத்துப்போயிருக்கிறது, இது சின்ன ஸ்ட்ரோக் என்றார் மருத்துவர். "மூன்று வருடத்துக்கு முன்னால் திடீரென்று தலைவலி, வாந்தி, மயக்கம் ஏதாவது வந்ததா?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வந்துச்சு டாக்டர். பூதிகோட்டை பிரியாணி" என்றாள் அம்மா.

பூதிகோட்டையில் அப்பாவின் நண்பர் ஒருவர் இருக்கிறார். சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடித்தவர். அவர் அடித்த மணியை நம்பித்தான் அப்பா அத்தனை வருடம் இன்ஜின் ஓட்டினார். வேலை போன பிறகு அவர் ஊரில் நிலம் வாங்கித் தக்காளி போட்டார். அவருடைய மகள் கல்யாணத்தில் அப்பா மட்டன் பிரியாணி சாப்பிட்டு, எழுந்ததும் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். கெட்டுப்போன கறி என்று பந்தியிலேயே சத்தம் போட்டோம். முன்னணியில் நின்று, உணவு நஞ்சாவதைப் பற்றி எல்லோருக்கும் விளக்கியவள் நான்தான். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். போன பார்வை திரும்பாது, இன்னொரு ஸ்ட்ரோக் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா அதை அல்ல, வேறொன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது ரயிலில் தெரிந்தது.  பங்காருபேட்டை தாண்டியதும், "அவன் மணி ஒரு நாளும் தப்பா அடிச்சதில்ல" என்றார்.

இடையில் ஓர் ஆசையையும் நான் தீர்த்துக்கொண்டேன். இப்படிப் பார்வை போன பகுதியில்கூட, ஊகித்துச் சொல்லச் சொன்னால் சிலர் சரியாகச் சொல்வதுண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கெஞ்சி, மூன்றாவது பொத்தானை எடுத்துவிட்டு உட்கார வைத்தேன். "நான் ஒண்ணும் சொல்லல, வெரலு தானா அழுத்துது" என்ற நிபந்தனையோடு அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் பாதிதான் சரியாக வரும்; அப்பாவுக்குப் பாதிக்கு மேல், நன்றாகவே மேல், சரியாக இருந்தது. நான் குதிக்காத குறை. முறைப்படி அனுமதி வாங்கி இன்னும் சில நாள் செய்து கட்டுரையாக எழுதலாமா என்று கேட்டேன்.

"இன்னான்னு எழுதுவ?"

"பார்க்காததைக்கூட அப்பா சரியா சொன்னாருன்னு."

"பாக்காதத பாத்தேன்னு சொன்னா இன்ஜின் ரூம்ல சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவான். நீ அதை பேப்பர்ல போடப்போறியா?" சம்மதக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை. என் துறைக்கு அது நஷ்டம்தான்.

அடுத்த சனிக்கிழமை மூவருமாகப் பூதிகோட்டைக்குப் போனோம். ஸ்கேன் படத்தை அப்பா உறையோடு மார்பில் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். நண்பர் வாசலில் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார், வாங்க என்று சொல்லவில்லை.

"தப்பு என் மேலதான்டா. உன் கறி மேல இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்துகீறாரு" என்றார் அப்பா.

நண்பர் படத்தை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கிட்டே போய்த் தழும்பு இருந்த இடத்தை விரலால் காட்டினேன்.

"இது பிரியாணி இல்லையே?"

"இல்லீங்க. ரத்தக் குழாய் அடைப்பு. பந்தியில நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க."

"நீதானே அன்னிக்கு மைக் இல்லாம பேசினது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிர்வீட்டில் காட்டினார், பக்கத்து வீட்டில் காட்டினார், டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. அப்பாவின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். எனக்கு இடப்பக்கம் தெரியாது, வலது பக்கமா வா என்று அப்பா சொன்னார். அதை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பிட உட்கார்ந்தோம். நண்பரின் மனைவி சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ரசம் என்று வரிசையாக வைத்தார். அடுக்களையிலிருந்து மட்டன் வாசம் வந்துகொண்டே இருந்தது. அப்பா இரண்டு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கறி கீதா என்று மெதுவாகக் கேட்டார்.

"கீது. எங்களுக்கு" என்றார் அந்த அம்மாள்.